நான் நடத்திக் கொடுத்த திருவிழா

வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்ட ஒரு பெண்ணை அவள் வீட்டுக்கே அனுப்பி வைத்தேன். அந்த வாரமே அவள் செத்துப்போனாள். எப்படிச் செத்தாள் என்று விசாரிக்க அதிகாரம் இருந்தும் விசாரிக்காமல் உடலை எரிக்க விட்டேன். அப்போது நான் தாசில்தார். அந்த வாரத்தில் ஆற்றிய பணிக்காகச் சுதந்திர தின விழாவில் எனக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற புதிதில், பதவி உயர்வு பெற்ற வருவாய்த் துறைத் தம்பிகளுக்கு வகுப்பெடுக்க என்னை ராமநாதபுரத்துக்கு அழைப்பார்கள். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: திருவிழாக் காலச் சமாதானக் கூட்டங்களை நடத்தும் முறை. அதில் நான் பெயர் பெற்றவன். கடைசியாக எடுத்த வகுப்பில் ஒரு பெண் அதிகாரி எழுந்தார். இப்போது காதலித்து வருகிறவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கத் தனிப் பிரிவு, தொலைபேசி எண் எல்லாம் இருக்கிறது. உங்கள் காலத்தில் அப்படி யாராவது வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். தகுந்த நடவடிக்கை எடுப்போம் என்றேன். வகுப்பு முழுவதும் அதைக் குறித்துக்கொண்டது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

திருவாடானையில் இளநிலை உதவியாளனாகச் சேர்ந்தேன். பிறகு வருவாய் ஆய்வாளர், துணைத் தாசில்தார். கடலாடி, ஆர்.எஸ்.மங்கலம், மறுபடியும் கடலாடி. பட்டா மாறுதல், வறட்சி நிவாரணம், தேர்தல், மறுபடியும் வறட்சி. அவற்றை விரித்து எழுதினால் எனக்கே தூக்கம் வந்துவிடும். என்னை உருவாக்கியது வேதமாணிக்கம் சாரிடம் நான் வேலை பார்த்த காலம்தான்.

அவர் திருவாடானையில் தாசில்தாராக இருந்தார். மெலிந்த உடம்பு. அவர் குரல் அடுத்த அறைக்குக் கேட்டதில்லை. யார் என்ன கேட்டாலும் “பார்த்துக்கலாம்” என்பார். எதையும் மறுத்ததில்லை, செய்ததும் குறைவு. கேட்டவர்கள் திருப்தியோடு போவார்கள். சமாதானக் கூட்டத்துக்கு அவர் இடம் ஏற்பாடு செய்வதைப் பார்த்து நான் நிறையக் கற்றுக்கொண்டேன். இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்காரக் கூடாது, இரண்டு பெஞ்சும் தாசில்தாரைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். முகம் பார்த்தால் கை நீளும். ஒரு தரப்புக்கு ஐந்து பேருக்கு மேல் இல்லை. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது. முதலில் மழையைப் பற்றி விசாரிக்க வேண்டும், பிறகு மிளகாய் விலை. கையெழுத்தானபிறகுதான் டீ வர வேண்டும். இளவட்டங்களை உள்ளே விடாமல் பெரியவர்களிடம் மட்டும் எழுதி வாங்க வேண்டும். நாளைக்கு வெட்டிக்கொள்ளப் போவது இளவட்டங்கள்தான் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

ஒருமுறை பெரிய கண்மாயின் மடையைத் திறக்கும் சாவி யாரிடம் இருப்பது என்று மேலூர்க்காரர்களுக்கும் கீழூர்க்காரர்களுக்கும் தகராறு. பயிர் வாடிக்கொண்டிருந்தது. வேதமாணிக்கம் சார் கூட்டம் மேல் கூட்டமாகப் போட்டார். சாவியைச் செய்த கொல்லன் யார், பூட்டு எந்த ஜமீன் காலத்தது என்று நிதானமாக விசாரித்துக்கொண்டே இருந்தார். நான்காவது கூட்டத்தின் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. இரு தரப்பும் எழுந்து வயலுக்கு ஓடினார்கள். அவருக்கு நல்ல பெயர். அன்றைக்கு என்னிடம் சொன்னார்: “தம்பி, தீத்து வைக்கிறது சாமி வேலை. நமக்குத் தேதியக் கடத்துற வேலை. தேதி கடந்துட்டா பாதிச் சண்டை தன்னால செத்துரும்.”

நான் அவரைவிடக் கெட்டிக்காரன் என்று பெயரெடுக்க விரும்பினேன். பல வருடம் கழித்து, தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதற்கு ஒரு ஊர் கிடைத்தது.

முதுகுளத்தூர்ப் பக்கம். ஊர்ப் பெயரை எழுதவில்லை; ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அங்கே விவசாயம் பார்க்கும் இரண்டு சம்சாரி வீடுகள். மேற்கு வீட்டுக்குப் பெரியவர் இருளப்பன், கிழக்கு வீட்டுக்குச் சாத்தையா. தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள். இருளப்பனின் தாயார் கிழக்கு வீட்டில் பிறந்தவர். அந்த ஊரில் அய்யனாருக்குப் புரவியெடுப்பு உண்டு. மண்குதிரைகளைச் செய்து, குயவரான வேளார் வீட்டிலிருந்து ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் நிறுத்துவார்கள். முதல் குதிரைக்கு யார் தோள் கொடுப்பது என்பதில் சச்சரவு. ஒரு வருடம் இழுபறியில் குதிரையின் கால் உடைந்தது. அதற்குப் பதிலாகச் சாத்தையாவின் அண்ணனுக்கு வலது கையில் மூன்று விரல் போனது. இரு தரப்பிலும் வழக்கு. திருவிழா நின்றது. அதன்பிறகு ஒரு வீட்டு ஆடு மற்ற வீட்டு வேலிக்குள் போனாலும் திரும்பி வராது.

போலீஸ் முயன்று, கோர்ட் முயன்று, நடக்காததை நான் நடத்தினேன். மாதக் கணக்கில் பேசினேன். கடைசியில் தீர்வு சொன்னேன்: முதல் குதிரை என்று ஒன்று வேண்டாம். இரண்டு குதிரைகள், ஒரே நேரத்தில், தலைக்குத் தலை சமமாகப் புறப்படட்டும். இரண்டு வீட்டாரும் யோசித்துச் சம்மதித்தார்கள். தெருதான் சம்மதிக்கவில்லை, ஒரு குதிரைக்கான அகலம்தான் இருந்தது. கருவேல முள்ளை வெட்டி, பள்ளத்தில் மண்ணடித்து, இரண்டு மண்குதிரைகள் சேர்ந்து போகும் அகலத்துக்குப் பாதை போட்டோம். கோப்பில் அது விளைபொருள் கொண்டு செல்லும் பாதை. என்னால் அந்த ஊருக்கு விளைந்த நன்மை அந்தப் பாதை ஒன்றுதான்.

காப்புக் கட்ட இரண்டு நாள் இருக்கும்போது, மதியம், நான் தயிர்ச்சோற்றைத் திறந்த நேரத்தில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் அறைக்குள் வந்தார்கள். அவள் கையில் துணிப்பை. நர்சிங் படிக்கிறவள் என்று அணிந்திருந்த கோட்டில் தெரிந்தது. பையனுடைய விரல்களெல்லாம் ஐஸ் தூக்கி வெடித்திருந்தன.

“சார், நான் மேற்கு வீட்டு இருளப்பன் மக, நாகஜோதி. இவுக கிழக்கு வீட்டு சாத்தையா மகன், முனீஸ். ராமேஸ்வரத்துல ஐஸ் கம்பெனியில வேல பாக்குறாக” என்றாள்.

நான் டிபன் பாக்ஸை மூடினேன்.

பேசியதெல்லாம் அவள்தான். ராமநாதபுரம் பஸ்ஸில் பழக்கமாம். ஊரில் ஒருவரையொருவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதால், பேசுவதற்கு வேறு இடமே கிடையாதாம். இருவருக்கும் கல்யாண வயது நிரம்பிவிட்டது. சான்றிதழ்களைக் கொண்டு வந்திருந்தாள். முறையும் சரி, மாமன் மகன். சண்டை மட்டும் இல்லாதிருந்தால் இதே இரண்டு வீட்டாரும் சேர்ந்து, மாட்டேன் என்றாலும் விடாமல் இவளை இவனுக்கே கட்டி வைத்திருப்பார்கள். அவள் கேட்டது பெரிய உதவி இல்லை. எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரு போன். கல்யாணத்தைப் பதிவு செய்யும்வரை மதுரையில் ஒரு விடுதியில் இடம்.

“எங்க அய்யாவும் இவுக அய்யாவும் போலீசுக்குக் கட்டுப்படல, கோர்ட்டுக்குக் கட்டுப்படல. நீங்க சொன்னதுக்குத்தான் சார் கட்டுப்பட்டாக. அதான் உங்ககிட்ட வந்தோம்.”

அது எனக்கு இனித்தது. இனித்த கையோடு கணக்கும் ஓடியது. இவள் இன்று மதுரைக்குப் போனால் நாளை ஊருக்குத் தெரியும். மறுநாள் காப்புக் கட்ட ஆளிருக்காது. மாதக் கணக்கில் நான் கட்டிய சமாதானம், போட்ட பாதை, எல்லாம் இந்தத் துணிப்பையோடு பஸ் ஏறிவிடும்.

“திருவிழா முடியட்டும்மா. அதுக்கப்புறம் ரெண்டு அப்பாவையும் நானே உக்கார வச்சுப் பேசுறேன். கொண்டு குடுத்த வீடுகதானே. நானே முன்னால நின்னு முடிச்சு வைக்கிறேன்” என்றேன்.

“வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க சார். அங்கன போனா திரும்பி வர மாட்டேன்.” கும்பிட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் முனீஸ் பேசினான். “சாரே சொல்றாருல்ல ஜோதி. ஒரு வாரந்தான.” அவன் நம்பியது என்னை அல்ல, நாற்காலியை. ஆனால் அதில் உட்கார்ந்திருந்தவன் நான்.

ஜீப் அனுப்பி இருளப்பனை மட்டும் தனியாக வரவழைத்தேன். அவர் வந்தார். மகளைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். “சாப்டியாத்தா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு மீதித் தயக்கமும் போய்விட்டது. இருந்தாலும் முறைப்படி செய்வோம் என்று, தாலுகா ஆபீஸ் வளாகத்துப் பிள்ளையார் முன்னால் அவரை நிறுத்திச் சூடம் ஏற்றச் சொன்னேன். எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் செய்யும் சத்தியத்தை எங்கள் பக்கம் எந்தச் சம்சாரியும் மீற மாட்டான். கோர்ட்டில் பொய் சொல்வான். சூடத்தில் சொல்ல மாட்டான். “எம் மக மேல என் கை படாது. இது சத்தியம்” என்று அடித்து அணைத்தார்.

ஜோதி அணைந்த சூடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “சத்தியம் அய்யா மட்டுந்தான சார் பண்ணாரு? எங்க வீட்டுல இன்னும் ஆம்பளைக இருக்காகளே.”

நான் சிரித்தேன். வீட்டுக்குப் பெரியவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள் என்றேன். பெரியவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு, இளவட்டங்கள் வெட்டிக்கொள்வதை முப்பது வருடம் பார்த்தவன் இதைச் சொன்னேன்.

முனீஸை ராமேஸ்வரத்துக்கே திருப்பி அனுப்பி, நான் கூப்பிடும்வரை ஊர்ப்பக்கம் வரக் கூடாது என்றேன். அவன் தினமும் போன் செய்தான். ஜோதியின் போன் அணைந்திருக்கிறது சார் என்பான். திருவிழா வேலையாக இருப்பாள் என்பேன்.

குதிரைகள் புறப்படும் நாளுக்கு முந்திய நாள் காலையில் இன்ஸ்பெக்டர் அழைத்தார். “சார், மேற்கு வீட்டுப் பொண்ணு தவறிருச்சு. தீராத வயித்து வலியாம்.”

எங்கள் பக்கத்துக் காவல் நிலையக் குறிப்புகளை நம்பினால், கல்யாணமாகாத பெண்களுக்கு வயிற்றைவிட ஆபத்தான உறுப்பு வேறில்லை. எனக்கு அது தெரியும். இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். பிறகு அவர், காப்புக் கட்டியாயிற்று என்பதை நினைவூட்டினார். காப்புக் கட்டிய ஊரில் பிணம் கிடக்கக் கூடாது. அதை எடுக்கும்வரை கோயில் நடை திறக்காது, ஊரில் அடுப்பு எரியாது. பிரேதப் பரிசோதனை என்று போனால் உடல் திரும்ப மறுநாளாகிவிடும். திருவிழா நிற்கும்.

சற்று நேரத்தில் ஊர்க்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். மேற்கு வீட்டிலிருந்து இருளப்பனின் தம்பி. இருளப்பன் வரவில்லை. கிழக்கு வீட்டிலிருந்து சாத்தையா. பேசியது சாத்தையாதான். பாவம், சின்ன வயசுப் பிள்ளை. வயிற்று வலி நெடுநாளாக இருந்தது ஊருக்கே தெரியும். அறுத்துப் பார்க்க வேண்டாம் என்றார். அவர் எதிரி வீட்டுப் பெண்ணுக்காக அத்தனை உருக்கமாகப் பேசினார். யார் மூலமோ விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது; தன் மகனுக்கு வந்த தொல்லை தீர்ந்த நிம்மதி அந்த உருக்கத்துக்குள் இருந்தது. சந்தேகம் ஏதும் இல்லை என்று எழுதிய தாளில் இரண்டு வீட்டாரும் அடுத்தடுத்துக் கையெழுத்திட்டார்கள். சண்டைக்குப் பிறகு, நான் பேசிச் சம்மதிக்க வைக்காமல் இருவரும் கருத்தொருமித்தது அதுவே முதல் தடவை. நானும் கையெழுத்திட்டேன்.

ஆகவே அவள் எப்படிச் செத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபடி பார்த்துக்கொண்டவன் நான்.

மறுநாள் இரண்டு குதிரைகளும் தலைக்குத் தலை சமமாகப் போயின. எங்காவது இடிக்குமோ என்று இரண்டையும் பார்த்தபடி பின்னாலேயே நடந்தேன். எங்கும் இடிக்கவில்லை. அசம்பாவிதம் ஏதுமின்றித் திருவிழா இனிதே நிறைவுற்றது என்று அறிக்கை அனுப்பினேன்.

முனீஸுக்கு யாரும் சொல்லவில்லை. ஊரிலிருந்து மிளகாய் ஏற்றிக்கொண்டு போன லாரிக்காரன் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. என் அறைக்கு வந்து நின்றான். திட்டுவான் என்று நினைத்தேன். “நான்தான் சார் அவள அனுப்பி வச்சேன். அவ வேண்டாம் வேண்டாம்னா. நான்தான் ‘சாரே சொல்றாருல்ல’ன்னு சொன்னேன்” என்றான். இல்லையப்பா, அது என் தவறு என்று நான் சொல்லியிருக்கலாம். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். அவன் ஐஸ் கம்பெனிக்குத் திரும்பிப் போனான். ஊருக்குப் போகவே இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை.

நான் பதவி உயர்வு பெற்றேன், ஓய்வு பெற்றேன், வகுப்பெடுத்தேன். அந்தப் பெண் அதிகாரியின் கேள்வி வந்தது. அடுத்த திங்கட்கிழமை, குறைதீர் நாளில், நடந்ததையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலக வரிசையில் நின்றேன். மண்ணெண்ணெய் வைத்திருக்கிறேனா என்று வாசலில் என் பையைச் சோதித்தார்கள். குற்றம் செய்தவர்கள் என்று ஒரே ஒரு பெயரைத்தான் மனுவில் எழுதியிருந்தேன். என் பெயர்.

மனு கலெக்டரிடமிருந்து ஆர்.டி.ஓ.வுக்கும், அங்கிருந்து தாலுகா ஆபீசுக்கும் இறங்கி, நான் உட்கார்ந்திருந்த அதே மேசைக்கு வந்து சேர்ந்தது. இப்போது அங்கே இருப்பவர் குமரவேல். என் வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்தவர். “சார், கேச தொறந்தா முதல்ல சிக்கப் போறது நீங்கதான்” என்றார். அதற்காகத்தான் கொடுத்திருக்கிறேன் என்றேன். பார்ப்போம் சார் என்றார்.

அவர் பார்ப்பதற்குள் ஊர் என்னைப் பார்க்க வந்துவிட்டது. ராமநாதபுரத்தில் என் வீட்டு வாசலில் ஒரு வேன். இரண்டு வீட்டாரும் ஒரே வேனில். தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, கல்யாணப் பத்திரிகை. ஜோதியின் தம்பி கார்த்திக்கும், முனீஸின் தங்கை மீனாவுக்கும் திருமணம். பிள்ளைகள் விரும்பியிருக்கிறார்கள், பெரியவர்கள் யாரும் மறுக்கவில்லை. நீங்கள் செய்து வைத்த சமாதானம் சார் என்று சாத்தையா எழுந்து பொன்னாடை போர்த்தினார். பிறகு மனுவைப் பற்றிச் சொன்னார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது, பழைய புண்ணைக் கீற வேண்டாம்.

யார் மேல் தப்பு என்று அவர்களாகவே பேசிக்கொண்டார்கள். செல்போன் மேல் என்றார் ஒருவர். பெண்களை வெளியூரில் படிக்க வைத்தது என்றார் இன்னொருவர். இருளப்பனின் தம்பி, விதி என்றார். செத்தவள் அவசரப்பட்டுவிட்டாள் என்றும் ஒருவர் சொன்னார். நான், தப்பெல்லாம் என்னுடையதுதான் என்றேன். எல்லோரும் உடனே என்னைத் தேற்றத் தொடங்கினார்கள். அவர்கள் முகங்கள் அப்படித் தெளிந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பழி முழுவதையும் நானே எடுத்துக்கொண்டதில் அந்த அறையிலிருந்த அத்தனை பேருக்கும் விடுதலை கிடைத்திருந்தது. மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் ஒரு சமாதானக் கூட்டம்தான் நடத்தியிருக்கிறேன்.

மற்றவர்கள் வேனில் ஏறியபிறகு இருளப்பன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “நீங்க கூப்பிட்டு விட்டீங்க, நான் வந்து கூட்டிட்டுப் போனேன், சரி. பெத்தவன் கூட்டிட்டுத்தான் போவான். நீங்க ஏன் சார் குடுத்தீங்க?”

தோளில் பொன்னாடையோடு, வேன் தெரு திரும்பும்வரை வாசலில் நின்றேன்.

மனுவைத் திரும்பப் பெறுவதா என்று நான் தடுமாறியது உண்மை. பெற்றால் ஜோதி வயிற்று வலியிலேயே இருந்துவிடுவாள். பெறாவிட்டால் இன்னொரு ஜோடியின் கல்யாணம் நின்றுபோகும். ஒரு காதலைக் கெடுத்தவனுக்கு இரண்டாவதையும் கெடுக்கும் உரிமை இருக்கிறதா? முனீஸைப் பார்க்க ராமேஸ்வரம் போனேன். அவன் ஐஸ் கட்டிகளை உடைக்கும் இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டான். “என்கிட்டக் கேக்காதீங்க சார். வாழப் போறவகிட்டக் கேளுங்க” என்றான்.

நான் கேட்பதற்கு முன் அவளே வந்துவிட்டாள். மீனா ராமநாதபுரத்தில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். வந்தவள் உட்காரவில்லை.

“மனுவத் திரும்ப வாங்கிட்டீங்களா சார்?”

“இன்னும் இல்லம்மா. உன் கல்யாணம்...”

“வாங்காதீங்க. நான் வாழப் போற வீடு அது. அதே அறையிலதான் படுக்கணும். அங்கன என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணுமா, வேண்டாமா?”

நான் கார்த்தி என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

“அப்ப அவுக சின்னப் பையன். அக்காவ ஏன் பூட்டி வச்சிருந்தாகன்னு கேட்டதுக்கு அடி வாங்குனது மட்டும் ஞாபகம் இருக்காம்.”

அவள் ஊருக்குப் போய் இருளப்பன் வீட்டிலேயே அந்தக் கேள்வியைக் கேட்டாள். பதில் வரும்வரை அந்த வீட்டு வாசலில் மணவறை போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். கார்த்தி அவள் பின்னாலேயே வந்துவிட்டான். இருவரும் ராமநாதபுரத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். பாதுகாப்புப் பிரிவுக்குப் போன் செய்ததும் நான்தான். உண்மையில் ஒரு போன்தான். முழுதாகப் பேசி முடிக்க ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

ஊரில் சமாதானம் அன்றோடு உடைந்தது. பையனை மயக்கிக் கொண்டுபோனது கிழக்கு வீட்டுப் பெண் என்றது மேற்கு. பெண்ணைக் கடத்தியது மேற்கு வீட்டுப் பையன் என்றது கிழக்கு. அந்த வருடத்துப் புரவியெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. குமரவேல் சமாதானக் கூட்டம் போட்டார். மூன்று தரப்புக்கு அழைப்பாணை வந்தது: மேற்கு வீடு, கிழக்கு வீடு, நான். அமைதிக்குப் பங்கம் விளைவிக்கக் கூடியவர் என்று என் பெயருக்குக் கீழே எழுதியிருந்தது. என் பணிக்காலத்தில் அந்த வாக்கியத்தை எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். யாருக்கும் இவ்வளவு பொருத்தமாக எழுதியதில்லை.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருளப்பன் உட்கார்ந்தார். குமரவேல் மழையைப் பற்றி விசாரித்தார். மிளகாய் விலை கேட்டார். குறை சொல்ல இடமில்லாமல் நடத்தினார். இனி அந்த ஊர் விவகாரத்தில் தலையிட மாட்டேன் என்று எழுதித் தரும்படி என்னைக் கேட்டார். மாட்டேன் என்றேன். சார், நீங்களே இப்படிச் செய்தால் எப்படி என்று அவர் தொடங்கும்போது இருளப்பன் எழுந்தார்.

“எம் மக வயித்து வலியில சாகல.”

அவருடைய தம்பி எழுந்து அவர் தோளைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். இருளப்பன் அந்தக் கையை எடுத்துவிட்டார்.

“இவனும் இவன் மூத்த மகனுந்தான். நான் வாசல்ல உக்காந்திருந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம். என் கை படாதுன்னு சத்தியம் பண்ணிருந்தேன்ல. படல. கையக் கட்டிக்கிட்டே உக்காந்திருந்தேன். அவ அய்யான்னு கூப்பிட்டா. அந்தப் பிள்ள மீனா வந்து கேட்டதுலருந்து எனக்கு அந்தச் சத்தம்தான் கேக்குது.”

குமரவேல் பேனாவைக் கீழே வைத்தார். “பெரியவரே, அது வேற விஷயம். இன்னைக்கு நாம திருவிழாவப் பத்தித்தான் பேச வந்திருக்கோம். அத அப்புறம் தனியா...” என்றார். நான் கற்றுக் கொடுத்ததை அப்படியே செய்தார். நான் மேசையருகே போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. நின்றபடியே, இருளப்பன் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதினேன். எழுதி முடித்து உரக்க வாசித்தேன். தம்பியின் பெயரையும் தம்பி மகனின் பெயரையும் வாசித்து நிறுத்தியபோது, “ரெண்டு பேரோட நிப்பாட்டுறீங்களே. வாசல்ல உக்காந்திருந்தவன் பேரு எங்க?” என்றார் இருளப்பன். எழுதினேன். பிறகு, யாரும் சொல்லாமலே, அதற்குக் கீழே என் பெயரையும் எழுதி, அனுப்பி வைத்தவர் என்று சேர்த்தேன்.

இருளப்பனின் தம்பியும் அவர் மகனும் இப்போது சிறையில். இருளப்பன் ஜாமீனில் இருக்கிறார்; மனைவி அவரோடு பேசுவதில்லை. கார்த்தி வீட்டுக்குத் தின்பண்டம் வாங்கிக்கொண்டு போவது மட்டும் உண்டு, மீனா கதவைத் திறக்கிறாள். என்னை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று விசாரணை அதிகாரி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். சங்கதியைச் சொல்ல ராமேஸ்வரம் போனபோது முனீஸ் இயந்திரத்தை நிறுத்தினான். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் தன்னைக் கூப்பிட்டாளா என்று கேட்டான். இருளப்பன் அதைச் சொல்லவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் இயந்திரத்தை ஓடவிட்டான்.

புரவியெடுப்பு நின்றுவிட்டது. செய்து வைத்த குதிரைகள் இரண்டும் வேளார் வீட்டுக் கொட்டகையிலேயே நிற்பதாகக் கேள்வி. யாரால் இப்படி ஆயிற்று என்று அந்த ஊரில் இப்போது எவரைக் கேட்டாலும், கிழக்கு மேற்கு வேறுபாடின்றி, ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள். என் பணிக்காலம் முழுவதும் முயன்று என்னால் ஏற்படுத்த முடியாத ஒற்றுமை அது.